தொட்டால் 2 விநாடி, விட்டால் 50!

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தண்ணீரில் ஸ்லாலம் படகு ஓடுமா?

ஆற்றுக்குள் புல் வெட்டிய ஊர் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. ஓக்லஹோமா சிட்டி என்று பெயர். சுற்றிலும் சமவெளி. ஊர் நடுவே போகும் நார்த் கனடியன் ஆறு முன்பெல்லாம் அடிக்கடி வறண்டு கிடக்கும். ஆற்றுப் படுகையில் மண்டிய புல்லை நகராட்சிக்காரர்கள் இயந்திரம் விட்டு வெட்டுவார்களாம். அந்த ஊர்க்காரர்களே இதைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம்.

1993 டிசம்பரில் அந்த மக்கள் ஓட்டுப் போட்டு, தங்கள் தலையில் தாங்களே ஒரு சதவீத விற்பனை வரியை ஏற்றிக்கொண்டார்கள். அந்தப் பணத்தில் நடந்த பல வேலைகளில் ஒன்று, ஆற்றுக்குக் குறுக்கே தடுப்பணைகள் கட்டித் தண்ணீரை நிறுத்தியது. பின்னாளில் அதே மாதிரி இன்னொரு வரி வசூலித்து, சுமார் நாலரைக் கோடி டாலரில், பம்பு வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றிக் கீழே விடும் கான்கிரீட் 'காட்டாறு' ஒன்றை 2016இல் திறந்தார்கள். இன்றைக்கு நிலைமை என்ன தெரியுமா? 2028 ஒலிம்பிக்ஸ் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தாலும், கனோ ஸ்லாலம் பந்தயத்தை மட்டும் சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி இந்த ஓக்லஹோமாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2026 உலகச் சாம்பியன்ஷிப்பும் அங்கேதான் என்று முடிவானது.

தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டத்தை உருவாக்கியதும் அதே 1993இல்தான், செப்டம்பர் 30ஆம் தேதி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனாலும் நம் மாவட்டமும் சமவெளி, நம் ஆறுகளும் பெரும்பாலான மாதங்களில் மணலும் சீமைக்கருவேலமும்தான். 'மலையும் காட்டாறும் இருக்கிற ஊருக்குத்தான் இந்த விளையாட்டு' என்று யாராவது சொன்னால், ஓக்லஹோமாவைக் காட்டிக் கொஞ்சம் வாயடைக்கலாம்.

அதற்கு முன்னால், விளையாட்டு என்னவென்று பார்த்துவிடுவோம்.

பாலத்துத் தூணுக்குக் கீழே

விழுப்புரத்திலிருந்து திருச்சி சாலையில் போனால் பிடாகம் அருகே தென்பெண்ணைப் பாலம். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்றால், வண்டியை ஓரம்கட்டிவிட்டு எட்டிப் பார்க்காமல் போகிறவர்கள் குறைவு. போலீஸ்காரர் வந்து விரட்டும்வரை நிற்கலாம். அப்படி நிற்கும்போது தூண்களைக் கவனித்திருக்கிறீர்களா? தூணின் மேல்புறத்தில் தண்ணீர் மோதி மேடு கட்டும். இரண்டு பக்கமும் வேகமெடுத்துப் பாயும். தூணுக்குக் கீழ்ப்புறம் மட்டும் ஒரு சின்ன இடத்தில் தண்ணீர் முன்னே போகாது. வந்த வழியே திரும்பித் தூணை நோக்கி வரும். அடித்துக்கொண்டு வந்த வாழைத்தண்டு, ஆகாயத்தாமரை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு எல்லாம் அந்த இடத்தில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருக்கும். நம் ஊர்ப் பேச்சில் அது சுழி. 'ஆத்துல சுழி இருக்கு, இறங்காதே' என்று பாட்டி சொன்ன அதே சுழி.

கனோ ஸ்லாலம் முழுக்க இந்தச் சுழிகளை வைத்துத்தான். கீழ்நோக்கிப் பாயும் தண்ணீரில் சறுக்கிக்கொண்டு வர வேண்டும், சட்டென்று சுழிக்குள் நுழைந்து படகை மேல்நோக்கித் திருப்ப வேண்டும், மறுபடி ஓட்டத்துக்குள் பாய வேண்டும். இதையெல்லாம் 90 விநாடி, 100 விநாடிக்குள் முடித்துவிட வேண்டும்.

தடத்தின் மேலே குறுக்குக் கம்பிகள் கட்டி, அவற்றிலிருந்து ஜோடி ஜோடியாகக் கம்புகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு ஜோடி ஒரு கேட். 18 முதல் 25 கேட் வரை இருக்கும். பச்சைக் கம்பு என்றால் ஓட்டத்தோடு போகலாம். சிவப்பு என்றால் கீழிருந்து மேலாக, ஓட்டத்தை எதிர்த்து நுழைய வேண்டும். சிவப்பு கேட் ஆறுக்குக் குறையாமல் வைப்பார்கள், அதுவும் பெரும்பாலும் சுழிக்கு நேர் மேலே. படகோ துடுப்போ தோளோ தலைமுடியோ, எது கம்பில் பட்டாலும் ஓடிய நேரத்தோடு 2 விநாடி கூட்டுவார்கள். ஒரு கேட்டை விட்டுவிட்டால் 50 விநாடி. முதல் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் ஒரு விநாடிகூட வித்தியாசம் இல்லாமல் முடியும் ஆட்டத்தில், 50 விநாடி போனால் அன்றைய கதை முடிந்தது.

படகில் இரண்டு வகை. கயாக் என்றால் காலை நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் தட்டையான துடுப்பால் மாறி மாறிப் போடுவது. கனோ என்றால் மண்டியிட்டு, ஒற்றைத் துடுப்பு. இரண்டுக்கும் நீளம் மூன்றரை மீட்டர், அகலம் 60 சென்டிமீட்டர். எடை 10 கிலோகூட வராது. படகின் வாய்க்கும் இடுப்புக்கும் இடையே ரப்பர் பாவாடை ஒன்றை இழுத்து மாட்டிவிடுவார்கள், உள்ளே சொட்டுத் தண்ணீர் போகாது. கவிழ்ந்தால்? தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்கியபடியே துடுப்பை மேல்மட்டத்தில் வைத்து, இடுப்பை ஒரு வெட்டு வெட்டிப் படகை நிமிர்த்த வேண்டும். இதில் புதிதாகக் கற்கும் எல்லோரும் செய்யும் தப்பு, மூச்சுக்குத் தவித்துத் தலையை முதலில் வெளியே தூக்குவது. தூக்கினால் படகு மறுபடி கவிழும். படகு நிமிர்ந்த பிறகு, கடைசியாகத்தான் தலை வர வேண்டும். உடம்பு சொல்வதற்கு நேர் எதிரானதைச் செய்யப் பழக்குவதே பயிற்சியில் பாதி.

இன்னொன்று இதைவிட நுட்பம். சுழியிலிருந்து வேகமான ஓட்டத்துக்குள் நுழையும் கணத்தில் படகைக் கீழ்ப்புறமாக, தண்ணீர் போகும் பக்கமாகச் சாய்க்க வேண்டும். பயந்தவர் உடம்பு தானாகவே மேல்புறம் சாயும். அவ்வளவுதான். பாய்ந்து வரும் தண்ணீர் படகின் விளிம்பில் ஏறி ஒரு நொடியில் புரட்டிப்போட்டுவிடும். தண்ணீரைப் படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு சாய்வில் தெரிந்துவிடும்.

ஒகேனக்கல் பரிசல்காரர்களுக்கு இதெல்லாம் பாடமே தேவையில்லை. ஒற்றைத் துடுப்போடு, முன்பின் இல்லாத வட்டப் பரிசலில், பாறைச் சந்துக்குள் புகுந்து சுழியில் நிறுத்திக் காட்டுகிறவர்கள் அவர்கள். கனோவுக்கு மிக நெருங்கிய தமிழ்நாட்டுத் தொழில் அதுதான். ஒரு ஸ்லாலம் பயிற்சியாளர் நம் மாநிலத்தில் ஆள் தேட வந்தால் முதலில் அங்கேதான் பஸ் ஏற வேண்டும் என்பது என் கட்சி.

தேங்கிய தண்ணீரில் பிறந்த ஆட்டம்

இந்தப் பந்தயம் ஆல்ப்ஸ் மலைக் காட்டாற்றில் பிறந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முதல் போட்டி 1932 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் ஹால்வில் ஏரியில் நடந்தது. ஏரியில், அசையாத தண்ணீரில்! பனிச்சறுக்கில் கம்புகளுக்கு இடையே வளைந்து போகும் ஸ்லாலத்தைப் பார்த்து, அதையே படகில் செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. காட்டாற்றுக்குப் போனது அதற்கப்புறம். முதல் உலகச் சாம்பியன்ஷிப் 1949இல் ஜெனீவாவில்.

ஒலிம்பிக்ஸில் முதலில் வந்தது 1972 மியூனிக்கில். ஆக்ஸ்பர்க் நகரில் ஐஸ்கனால் என்ற செயற்கைத் தடம் கட்டினார்கள், உலகத்திலேயே அந்த மாதிரி முதல் தடம். இதில் ஒரு வேடிக்கை நடந்தது. கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் அந்தத் தடத்தை நோட்டமிட்டு, தங்கள் நாட்டில் ஸ்விக்காவ் என்ற ஊரில் அச்சு அசலாக அதே மாதிரி ஒன்று கட்டிக்கொண்டு பழகினார்கள். போட்டிக்கு வந்து, இருந்த நான்கு தங்கத்தையும் அள்ளிக்கொண்டு போனார்கள். மேற்கு ஜெர்மனி தன் சொந்தக் காசில் கட்டிய தடத்தில் ஒரு தங்கம்கூட இல்லாமல் நின்றதை அந்த நாட்டுக்காரர்கள் லேசில் மறந்திருக்க மாட்டார்கள். அதோடு 20 வருடம் ஒலிம்பிக்ஸில் இந்த ஆட்டம் காணாமல் போயிற்று. 1992 பார்சிலோனாவில் திரும்பி வந்தது, அதன்பின் விடுபடவில்லை.

இப்போது இந்த ஆட்டத்தின் முகம் ஆஸ்திரேலியாவின் ஜெசிகா ஃபாக்ஸ். அப்பா ரிச்சர்ட் ஃபாக்ஸ் பிரிட்டனுக்காக 5 முறை தனிநபர் உலகச் சாம்பியன். அம்மா மிரியம் ஜெருசல்மி 1996 அட்லாண்டாவில் பிரான்சுக்காக வெண்கலம் வாங்கியவர். மகள் 2012 லண்டனில் வெள்ளியோடு தொடங்கி, ரியோவில் வெண்கலம், டோக்கியோவில் ஒரு தங்கம், ஒரு வெண்கலம், 2024 பாரிஸில் கயாக், கனோ இரண்டிலும் தங்கம். அதே பாரிஸில் தங்கை நோயமி, கயாக் கிராஸ் என்ற புதுப் பந்தயத்தில் தங்கம். நான்கு படகுகளை ஒரே நேரத்தில் மேடையிலிருந்து தண்ணீரில் தள்ளிவிட்டு, முட்டி மோதி வாருங்கள் என்று விடுவதுதான் கயாக் கிராஸ். ஸ்லாலத்தில் தனியாக ஓடிக் கடிகாரத்தோடு சண்டை போடுவதைப் பார்த்துப் பொறுமை இழந்தவர்களுக்காகவே கண்டுபிடித்த மாதிரி இருக்கும்.

ஃபாக்ஸ் சகோதரிகள் பழகிய இடம் சிட்னி அருகே பென்ரித். 2000 ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டியது, 2025 உலகச் சாம்பியன்ஷிப்பும் அங்கேயே நடந்தது. அந்தத் தடத்தின் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்: நீளம் 320 மீட்டர், மேலிருந்து கீழே மொத்த இறக்கம் ஐந்தரை மீட்டர், விநாடிக்கு 14 கன மீட்டர் தண்ணீர். நம் பொதுப்பணித் துறைப் பாஷையில் சுமார் 500 கன அடி.

கோழிக்கோட்டு மழையும் நர்மதைப் பாறையும்

நமக்குப் பக்கத்தில் உலக நாடுகளிலிருந்து கயாக் வீரர்கள் வந்து குவியும் இடம் ஒன்று உண்டு. கோழிக்கோடு மாவட்டத்தில் கோடஞ்சேரி, துஷாரகிரி அருவியை ஒட்டிய மலையடிவாரம். சாலிப்புழா, இருவஞ்சிப்புழா என்று இரண்டு ஆறுகள். 2013இலிருந்து அங்கே மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடக்கிறது, கொரோனா காலத்தில் மட்டும் இடைவெளி. 2025 ஜூலையில் நடந்தது 11ஆவது. கேரளச் சுற்றுலாத் துறை பின்னால் நிற்கிறது. ஸ்லாலம் உண்டு, பலர் ஒன்றாகப் பாயும் பந்தயம் உண்டு, மொத்தத்தில் ஜெயித்த ஆணுக்கு 'ரேபிட் ராஜா', பெண்ணுக்கு 'ரேபிட் ராணி' பட்டம். புலிக்கயத்திலும் புல்லூராம்பாறையிலும் பாலத்தின் மேல் குடை பிடித்துக்கொண்டு ஊரே நின்று கத்துகிறது.

அந்தப் பக்கம் பம்பு கிடையாது, கான்கிரீட்டும் கிடையாது. தென்மேற்குப் பருவமழை பெய்தால் போட்டி. இரண்டு நாள் வெயில் காய்ந்தால் பாறை தலை தூக்கிவிடும், அமைப்பாளர்கள் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். விழுப்புரத்திலிருந்து இதைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: புதுச்சேரியில் கிளம்பும் மங்களூரு ரயில் விழுப்புரம் ஜங்ஷனைத் தொட்டுத்தான் கோழிக்கோடு போகிறது. தினசரி கிடையாது, நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் ஸ்லாலம் என்றாலே அடிபடும் இன்னொரு பெயர் மத்தியப் பிரதேசத்தின் மகேஷ்வர். அகல்யாபாய் ஆண்ட ஊர். அங்கே நர்மதை கரும்பாறைகளுக்கு நடுவே பல கால்களாகப் பிரிந்து பாயும் இடத்துக்கு சகஸ்ரதாரா என்று பெயர். 2023 தொடக்கத்தில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் மத்தியப் பிரதேசத்தில் நடந்தபோது ஸ்லாலம் போட்டிகள் இங்கேதான். அதே வருடம் ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஸ்லாலத்தில் இறங்கிய இந்தியர்களில் ஹிதேஷ் கேவட், ஷுபம் கேவட் என்று இரண்டு பெயர்கள் இருந்தன. கேவட் என்பது வடக்கே படகோட்டிகளின் பெயர். துளசிதாசரின் ராமாயணத்தில் ராமன் காலைக் கழுவிவிட்டுத்தான் படகில் ஏற்றுவேன் என்று அடம் பிடிப்பாரே, அந்தக் கேவட். கம்பனைப் படித்த நமக்கு கங்கைக் கரை என்றால் குகன்தான் நினைவுக்கு வருவான்.

ஸ்லாலத்தில் இந்தியாவுக்கு ஆசியப் போட்டிப் பதக்கம் இன்னும் வரவில்லை. ஓட்டமில்லாத தண்ணீரில் நேர்கோட்டில் பாயும் ஸ்பிரின்ட் பிரிவில் இரண்டு வெண்கலம் இருக்கிறது. 1994 ஹிரோஷிமாவில் சிஜி குமார் சதானந்தன், ஜானி ரோமல் ஜோடி. அதன்பின் 29 வருடம் கழித்து ஹாங்சோவில் அர்ஜுன் சிங், சுனில் சிங் சலாம் ஜோடி. இதில் சுனில் சிங் மணிப்பூரின் லோக்டாக் ஏரிக்கரைப் பையன், மீன்பிடிக் குடும்பம்.

நம் தண்ணீரின் கணக்கு

இப்போது வீட்டுக்கு வருவோம். விழுப்புரம் மாவட்டத்தில் எங்கே, எந்தத் தண்ணீரில் படகு விடலாம்?

தென்பெண்ணையை முதலில் தள்ளிவிடலாம். கர்நாடகத்து நந்தி மலையில் கிளம்பி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி நம்மிடம் வரும்போது ஒன்று வறட்சி, இல்லையென்றால் வெள்ளம். 2024 டிசம்பர் 2 அதிகாலையை அரசூர், திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து மக்கள் யாரும் மறக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர், திண்டிவனத்தில் 37 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்திருந்தது. அடுத்து சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். பென்ரித் தடத்தின் 500 கன அடியை நினைவில் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அதைப்போல் 330 மடங்குக்கு மேல். அரசூரில் திருச்சி தேசிய நெடுஞ்சாலை மேலேயே ஆறு ஓடியது. விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டதால் வண்டிகள் நின்றன. அந்தத் தண்ணீரில் கேட் கட்டி விளையாட்டு நடத்த ஆள் கிடையாது, ஜெசிகா ஃபாக்ஸே வந்தாலும் கரையேறித்தான் நிற்பார்.

அணைக்கட்டுகளின் அடியிலும் வேண்டவே வேண்டாம். 1949-50இல் கட்டிய எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்த கதை ஊரறிந்தது. தளவானூரில் சுமார் 25 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணை 2020இல் திறந்து, 2021 ஜனவரியிலேயே ஒரு பக்கம் போயிற்று. உடையாத அணைக்கட்டிலும் ஆபத்து வேறு வடிவில் இருக்கிறது. பாறை ஆற்றில் தண்ணீர் விழும் இடத்தில் எங்காவது ஓர் இடைவெளி இருக்கும், மாட்டியவரை அதன் வழியே வெளியே தள்ளிவிடும். தடுப்பணையில் இந்தக் கரை முதல் அந்தக் கரை வரை ஒரே மட்டமாக விழுவதால், அடியில் உருளும் தண்ணீர் பின்னோக்கியே இழுத்துக்கொண்டிருக்கும். மரக்கட்டை விழுந்தால்கூட நாள் கணக்கில் அதே இடத்தில் உருண்டுகொண்டிருக்கும். மேலிருந்து பார்க்க முழங்கால் ஆழம்தான் தெரியும். வெள்ளம் வடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு குளிக்க இறங்குவது சரியாக அந்த இடத்தில்தான்.

அடுத்து கழுவெளி. மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு, தமிழ்நாட்டில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரியது. படகு விட இதைவிட ஆசையைக் கிளப்பும் இடம் மாவட்டத்தில் இல்லை. ஆனால் 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள், மாநிலத்தில் 16ஆவது. வலசைப் பறவைகள் வந்து இறங்கும் மாதங்களும் நமக்குத் தண்ணீர் இருக்கும் மாதங்களும் ஒன்றே. துடுப்புச் சத்தத்துக்குப் பறவைக் கூட்டம் ஒருமுறை எழும்பிப் பறந்தால், அது இரை தேடிச் சேர்த்த பலம் வீண். எனவே கழுவெளியைப் பறவைகளுக்கே விட்டுவிடுவது மரியாதை. சதுப்புக்காட்டில் துடுப்புப் போட ஆசைப்படுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே பிச்சாவரம் இருக்கிறது, தெற்கே ராமநாதபுரத்துக் காரங்காட்டில் ஊர் மக்களே வனத்துறையோடு சேர்ந்து கயாக் விடுகிறார்கள்.

மிச்சம் இருப்பது வீடூர். செஞ்சி மலைத் தண்ணீர் வராகநதியாகவும் தொண்டியாறாகவும் வந்து கூடும் இடத்தில் 1950களின் கடைசியில் கட்டிய அணை. உயரம் 32 அடி, கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. பாசனம் 3,200 ஏக்கர், அதில் 1,000 ஏக்கர் புதுச்சேரிக்கு. திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக் காலையில் கொண்டுபோய் மாலையில் திருப்பிவிடலாம். ஒரு வெட்டிக் கணக்கு போட்டுப் பார்த்தேன். நிரம்பிய வீடூர் அணையைப் பென்ரித் தடத்துக்குத் திறந்துவிட்டால் எத்தனை நாள் வரும்? 14 நாள். 15ஆம் நாள் நெல் வயல்காரர்கள் நம்மைத் தேடி வருவார்கள். ஆகவே ஓடும் தண்ணீர் என்ற பேச்சே வேண்டாம். தேங்கிய தண்ணீர் போதும். ஹால்வில் ஏரியில் போதுமாக இருந்தது வீடூரில் போதாமல் போகுமா?

இது சமாதானத்துக்குச் சொல்வது இல்லை. உலகத்தில் எந்த ஸ்லாலம் பள்ளியிலும் முதல் பாடம் அசையாத தண்ணீரில்தான். நான்கு கேட் தொங்கவிட்டு, ஒன்றுக்குள் நுழைந்து, திரும்பி, பின்பக்கமாக வெளியேறி, கம்பில் படாமல் தோளை உள்ளே இழுத்து என்று மாதக்கணக்கில் அதையே செய்வார்கள். பெரிய வீரர்களும் குளிர்காலத்தில் இதற்குத் திரும்பி வருவார்கள். தேவைப்படுவது என்ன? கரையோரமாக இழுத்துக் கட்டிய கயிறு. ஜோடி ஜோடியாகத் தொங்க மூங்கில் கம்பு, சிவப்பும் பச்சையும் அடிக்க இரண்டு டப்பா பெயின்ட். பாறையில் இடித்தாலும் உடையாத பிளாஸ்டிக் கயாக் சில, அளவான லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட். கவிழ்ந்தவரை எப்படித் தூக்குவது என்று தெரிந்த பயிற்சியாளர் ஒருவர். பட்டியலில் காசு அதிகம் பிடிப்பது கயாக். கிடைக்காமல் திண்டாடப் போவது பயிற்சியாளருக்கு.

பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. மரக்காணம் தொடங்கி மாவட்டத்தில் 19 மீனவ கிராமங்கள் இருக்கின்றன. அலை எங்கே உடையும், படகை எந்தக் கணத்தில் தள்ள வேண்டும் என்பது அங்கே பத்து வயதில் தெரிந்துவிடும். உள்நாட்டு ஏரிகளிலோ தெர்மாகோல் மிதவை மேல் குப்புறப் படுத்து, கையையே துடுப்பாக்கி வலை போடுகிற ஆட்களை எந்தக் காலையிலும் பார்க்கலாம். இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்சம் வடக்கே, கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் சர்ஃபிங் பள்ளி தொடங்கியபோது, குப்பத்துப் பையன்களுக்குப் பலகையோடு என்ன வேலை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் பக்கத்து மாமல்லபுரத்தில் நடந்தது, இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார்.

பெண் பிள்ளைகளை அனுப்புவார்களா என்ற கேள்வி வரும். போபாலில் பயிற்சி எடுத்த குவாலியர்க்காரர் பிராச்சி யாதவ், கால்கள் செயலிழந்த நிலையில் 2023 ஹாங்சோ பாரா ஆசியப் போட்டியில் கயாக்கில் தங்கம் வாங்கினார். அதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

யாரிடம் கேட்பது?

இந்த மாவட்டத்தில் தண்ணீரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்பது ஒரே ஒரு வாக்கியம்: இறங்காதே. ஃபெஞ்சலில் தண்ணீர் வீட்டுக்குள் இறங்கி வந்தபோது அந்த வாக்கியம் எதற்கும் உதவவில்லை. மீட்புக்குழு ரப்பர் படகோடு வரும்வரை மாடியில் காத்திருந்தார்கள். லைஃப் ஜாக்கெட்டின் வாரை எங்கே இறுக்குவது, ஓட்டத்தில் விழுந்தால் காலை முன்னே நீட்டி மல்லாந்து மிதப்பது, கரையில் நிற்பவர் கயிற்றை எப்படி எறிவது என்பதெல்லாம் கயாக் வகுப்பின் முதல் வாரத்துப் பாடங்கள். பதக்கம் வராவிட்டாலும் ஊருக்கு நாற்பது பேர் இதைத் தெரிந்து வைத்திருந்தால் அடுத்த கார்த்திகைக்கு உதவும். எனக்கு இந்த விளையாட்டின் மேல் ஆசை வந்ததே முக்கால்வாசி இதனால்தான்.

நாள் குறிப்பது சுலபம். தை மாதம் 5ஆம் தேதி தென்பெண்ணைக் கரை நெடுக ஆற்றுத் திருவிழா. சுற்று ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வரும், ஜனம் குடும்பம் குடும்பமாகச் சிறுவள்ளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்பும். வடகிழக்கு மழை முடிந்து வீடூரில் தண்ணீர் நிற்கும் காலமும் அதுதான். பொங்கல் விடுமுறைக்குள் ஒரு வாரப் பயிற்சி, கடைசி நாள் நான்கு கேட் பந்தயம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் வேறு இடத்தில். அணையும் தண்ணீரும் நீர்வளத் துறையுடையது. பிள்ளைகளும் போட்டியும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு. படகு, லைஃப் ஜாக்கெட், பாதுகாப்பு என்று வந்தால் வருவாய்த் துறையும் தீயணைப்புத் துறையும் வந்து நிற்கும். தேசியப் போட்டிக்கு ஆள் அனுப்ப இந்தியக் கயாக்கிங், கனோயிங் சங்கத்தின் மாநிலக் கிளை வழியாகப் போக வேண்டும். இத்தனை பேரும் கையெழுத்துப் போட்டாலும், மீன்பிடிக் குத்தகை எடுத்தவர் வந்து, 'என் வலை கிடக்கிற இடத்தில் உங்கள் படகு எதற்கு?' என்று கேட்டால் பேச்சு அங்கே நின்றுவிடும். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. குத்தகைப் பணம் கட்டியவர் அவர்தான்.

ஆகவே கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதுவதற்கு முன்னால் போய்ப் பார்க்க வேண்டிய முதல் ஆள் அவர். கரையோரமாக ஐம்பது மீட்டர் நீளம், காலை 7 முதல் 10 மணி வரை, தையில் ஒரு வாரம். வலையை அந்தப் பக்கம் மட்டும் போடாமல் இருக்க என்ன கேட்கிறார் என்று கேட்டுக்கொண்டு வந்தால், மீதி மனுவை எழுதிக்கொள்ளலாம்.